சாமித்துரை சாரின் கையெழுத்து

செப்டம்பர் மாதத்தில் நான் மதியம் தயிர்சாதம் சாப்பிடுவதில்லை. தூக்கம் வரும். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். ஆபீசில் மற்றவர்களுக்கும் இதையே சொல்லுவேன். கேட்டவர்கள் யாரும் இல்லை. எங்கள் ஆடிட்டர் சாமித்துரை சாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் அவருக்கு வீட்டிலிருந்து தயிர்சாதமும் மோர்மிளகாயும்தான் வந்திருந்தது. இரண்டையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோபாவில் சாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை உன் கையாலேயே எழுதிக் கொடு என்று தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்காக எழுதித்தான் சாப்பிடுகிறேன். எல்லாப் படிவத்திலும் அடியில் ஒரு வரி வரும்: 'மேலே கண்டவை யாவும் எனக்குத் தெரிந்தவரையில் உண்மை.' அதை என் சார்பில் எழுதுவது இதுதான் முதல் தடவை. போலீசிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று எங்கள் மாடிக்கு எதிர்மாடி வக்கீல் சொன்னார். செல்லாவிட்டால் போகிறது, சரியாக இருந்தால் போதும். உங்கள் வருமானவரி ரிட்டனையும் நான்தான் போடுகிறேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். மாமனார் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு அவருக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டியிருக்கும் விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

என் பெயர் செலஸ்டின். கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஆடிட்டர் ஆபீசில் நான்தான் சீனியர். எங்களிடம் வரும் வியாபாரிகளைப் பார்ட்டிகள் என்போம். தீப்பெட்டி ஆபீஸ் என்னும் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள், கடலைமிட்டாய் போடுகிறவர்கள், நாகலாபுரத்திலிருந்து மிளகாய் வத்தலும் உளுந்தும் வாங்கி விற்கும் கமிஷன் கடைக்காரர்கள், கடம்பூர் போளிக்காரர் ஒருவர். எல்லாரும் நல்லவர்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் 'பாப்போம் அண்ணாச்சி' என்பார்கள். ஜூனில் கூப்பிட்டால் வீட்டில் விசேஷம் என்பார்கள். ஆடிட் ரிப்போர்ட் ஏற்றும் கெடு செப்டம்பர் முப்பதோடு முடியும் என்றால், அந்தக் கடைசி வாரத்தில்தான் கட்டைப்பையோடு மாடியேறுவார்கள். பையைக் கொட்டினால் பில்லோடு பூப்புனித நீராட்டு விழா பத்திரிகை வரும், மாத்திரைச் சீட்டு வரும், ஒருதரம் கருவாடு வந்தது. கொட்டிவிட்டு, 'என்ன அண்ணாச்சி, இன்னும் முடிக்கலியா?' என்று நம்மையே கேட்பார்கள்.

இந்த வேலையை வெளியில் இருப்பவர்கள் கூட்டல் கழித்தல் என்று நினைக்கிறார்கள். கூட்டலை மெஷின் செய்துகொள்ளும். நாங்கள் செய்வது கெஞ்சல். பார்ட்டியிடம் பேப்பருக்குக் கெஞ்ச வேண்டும், பேங்கில் ஸ்டேட்மெண்டுக்குக் கெஞ்ச வேண்டும். கடைசி நாளில் ஊர் உலகமே ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் சுற்றிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர் திரையிடமும் கெஞ்ச வேண்டும். அந்த மாதத்தில் என் வீட்டில் என்னிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். போன செப்டம்பரில் என் மாமியார் தவறியபோதுகூட, அடக்கம் முடிந்த அன்று மாலைதான் சொன்னார்கள். அப்படிப் புரிந்துகொள்ளும் குடும்பம் அமைவது பெரிய பாக்கியம்.

சாமித்துரை சாரைப் பற்றி நான் குறையாக எதுவும் எழுதப்போவதில்லை. அவர் தங்கமான மனுஷன். இந்த ஊரில் அவர் கையெழுத்துப் போட்ட கணக்கை எந்த அதிகாரியும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை. காரணம், போடுவதற்கு முன்னால் அவர் இரண்டு முறை புரட்டிவிடுவார். அதுதான் சிக்கல். நான் பத்து நாள் உட்கார்ந்து முடித்த ஃபைலை அவர் அரைநாள் வைத்துப் படிப்பார். படித்துவிட்டுச் சின்னதாக ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேட இன்னும் மூன்று நாள் ஆகும். 'அவசரப்படாதடே, நம்ம கையெழுத்து நம்ம செத்த பொறவும் இருக்கும்' என்பார். அவசரப்படாமல் இருந்து இருந்து, கடைசி நாள் மதியம் இருபத்தாறு ஃபைல்கள் அவர் மேஜையில் கிடந்தன.

நானும் ஆடிட்டர் பரீட்சை எழுதியவன்தான். எத்தனை தடவை என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் சார்தான் ஆறுதல் சொன்னார். அடுத்த தடவை பார்ப்போம் என்றார். பிறகு ஒரு கட்டத்தில் அதைச் சொல்வதையும் மரியாதையாக நிறுத்திக்கொண்டார். அந்த மரியாதை எனக்கு எவ்வளவு வலித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், விட்டுப்போக வேண்டாம்.

இப்போதெல்லாம் ஆடிட்டர் பேனாவால் கையெழுத்துப் போடுவதில்லை. பென்டிரைவ் போல ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் கையெழுத்து விழுந்துவிடும். எங்கள் ஆபீசில் அதற்குப் பெயரே 'சார் கையெழுத்து'தான். 'சார் கையெழுத்தைக் கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி' என்று ஜெயஷீலா கேட்பாள். அவள் என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளை. அந்தத் துண்டு தொலைந்துவிடக் கூடாது என்று கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில்தான் போட்டிருப்பேன், மாதா உத்தரியத்தோடு சேர்த்து. எண்ணும் எனக்கு மனப்பாடம். சார் தலையசைத்தால் நான் செருகுவேன். அதுதான் முறை. மற்ற ஆபீஸ்களிலும் அப்படித்தான், கேட்டால் இல்லை என்பார்கள்.

ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனியாக ஓர் அடையாள எண் எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரகசிய எண் ஆடிட்டரின் செல்போனுக்குத்தான் வரும். ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வந்த சாருடைய மகள் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, பூட்டியிருக்கும்போது மெசேஜ் எதுவும் வெளியே தெரியாதபடி வைத்துவிட்டுப் போனாள். வலது கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும். ஒரு நிமிடம் தொடாவிட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். பூட்டாமலே இருக்கும்படி மாற்றி வைக்கலாமாம். ஜெயஷீலா பிற்பாடு சொன்னாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும், அவருக்கும் எனக்கும்.

அன்று காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேல்சாமி அண்ணாச்சி வந்தார். அவர் ஃபைல் மூன்றாம் முறையாகத் திரும்பியிருந்தது. சாருக்கு முன்னால் நின்றுகொண்டு, 'சார், இருபது வருசப் பழக்கம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஏத்தலன்னா தண்டம் கட்டணும். பாத்து முடிச்சு விடுங்க' என்றார்.

'குச்சி, மெழுகு இருப்பு ஒண்ணும் சரியா வரலியே வேல்சாமி. குடோன்ல கிடக்குதது வேற, இங்கன எழுதியிருக்கது வேற. நான் எப்படிப் போட?' என்றார் சார்.

'எழுதுனது செலஸ்டின் அண்ணாச்சிதான?'

'அவன் நீங்க குடுத்தத எழுதுதான். அவன ஏன் இழுக்கீங்க?'

இதுதான் சார். எனக்காகப் பேசினார். பேசிவிட்டு ஃபைலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வேல்சாமி அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு வருஷம் இங்கே என்னதான் செய்கிறாய் என்று ஒரு கேள்வி இருந்தது. நியாயமான கேள்வி.

மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். சீசனில் சார் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைச் சோபாவில் கொஞ்ச நேரம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறக்க என்னைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. நான் வேல்சாமி அண்ணாச்சி ஃபைலோடு உள்ளே போனேன், இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று.

'செலஸ்டின், கைய என்னமோ செய்யுதுடே' என்றார்.

'படுத்ததுல மரத்துப் போயிருக்கும் சார்' என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தார். வலது பக்கம் ஒத்துழைக்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார், 'ஆ... ஆஸ்...' என்பதற்கு மேல் வரவில்லை. ஆஸ்பத்திரி என்றுதான் சொல்ல வந்தார். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நான் பிடித்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் ஃபைல் கட்டு ஒன்றை வைத்து, அது உறுத்தும் என்று எடுத்துவிட்டு என் துண்டை மடித்து வைத்தேன். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் பதற்றத்தில் எதையும் செய்யவில்லை என்பது பதிவாக வேண்டும்.

என் போனை எடுத்தேன். நூற்றெட்டை அழைக்கத்தான் எடுத்தேன். ஆம்புலன்ஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும், கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் எதையும் செய்வதற்கு முன் அதன் விதியைப் படித்துவிடுவது என் பழக்கம். இந்த நோயைப் பற்றித் தேடினேன். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட வேண்டும் என்று போட்டிருந்தது. டாக்டர்களுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது என்று தெரிந்தபோது மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரப் பயணம். ஸ்கேனுக்கு அரைமணி நேரம் வைத்துக்கொண்டால் ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினால் போதும். கையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போதே அழைத்திருந்தால் சார் போய்விடுவார், அவரோடு போனும் போய்விடும், விரலும் போய்விடும். இருபத்தாறு குடும்பங்கள் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். சாருக்கு உடம்பு சரியில்லாததால்தான் இப்படி ஆயிற்று என்று ஊர் முழுவதும் பேசும். அவர் பெயர் என்ன ஆவது? அவருக்குச் சேர வேண்டியதை அவருக்கும், பார்ட்டிகளுக்குச் சேர வேண்டியதை அவர்களுக்கும் ஒரே மதியத்தில் கொடுக்க வழியிருக்கிறது என்னும்போது, ஒன்றை விட்டுக்கொடுப்பது சோம்பேறித்தனம்.

ஸ்டூலை இழுத்துச் சோபாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். லேப்டாப்பை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். முதலில் வேல்சாமி அண்ணாச்சி ஃபைல். ரகசிய எண் வந்த சத்தம் கேட்டதும், 'மன்னிக்கணும் சார்' என்று சொல்லி அவர் வலது கையை எடுத்துக் கட்டைவிரலைப் போனில் வைத்தேன். திறந்தது. வலது கையால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வைத்த இடத்தில் இருந்தது. இடது கைதான் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. நோயாளிக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விரலைப் பிரித்துவிட்டால் மறுபடியும் பிடித்தார். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். சட்டை இழுபட்டதால் லேப்டாப் மடியில் நிற்கவில்லை. அதைக் கீழே தரையில் வைத்து, குனிந்து குனிந்து தட்ட வேண்டியிருந்தது. நாலாவது ஃபைலுக்குப் பிறகு மன்னிக்கணும் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். நேரம் ஆகிறது அல்லவா.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்று மதியம் வேலை நன்றாக நடந்தது. சார் எந்த ஃபைலையும் திருப்பி அனுப்பவில்லை. சின்னக் கேள்வி எதுவும் வரவில்லை. நான் தயாரித்ததை நானே பார்த்து, சரி என்று நானே தலையசைத்து, நானே கையெழுத்தைச் செருகினேன். கமிஷன் கடை போனது. கடலைமிட்டாய் போனது. திரையில் பச்சை எழுத்தில் 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தபோதெல்லாம் சாருக்கும் சொன்னேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் மட்டும் எந்தக் கோளாறும் இல்லை. அன்றைக்கு இந்த ஊரில் எத்தனை ஆடிட்டர்கள் வேலை பார்த்தார்களோ, அவர்களில் நானும் ஒருவன் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

மூன்றரை மணி வாக்கில் ஜெயஷீலா கதவை லேசாகத் திறந்தாள், கையில் டீயோடு.

'சார் இன்னும் எந்திரிக்கலியா அண்ணாச்சி?' என்று மெதுவாகக் கேட்டாள்.

சார் கதவுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தார். நான்தான் அப்படித் திருப்பி விட்டிருந்தேன், எச்சில் வழிந்து மூச்சு அடைத்துவிடக் கூடாது என்பதற்காக.

'ரொம்ப அசதியா இருக்காவ. சத்தம் போடாத. டீய அங்கன வச்சிட்டு, போளிக்காரர் ஃபைல அனுப்பி விடு' என்றேன்.

அப்போது சாருடைய வலது கை என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு மாதிரி நெகிழ்ந்துபோய்க் கதவைச் சாத்தினாள். 'செலஸ்டின் அண்ணாச்சி சார் கையைப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தாவ. பெத்த பிள்ளகூட அப்படி இருக்காது' என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னது அவள்தான். அதற்கு நான் பொறுப்பில்லை. கையைப் பிடித்திருந்தேன் என்பதும் பொய்யில்லை.

சாருடைய மனைவி உமாதேவி அம்மா மூன்று தடவை சாரின் போனுக்கு அழைத்தார்கள். அழைப்பு வரும்போது திரையில் அவர்கள் படம் பெரிதாக வரும், திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்தது. சார் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினார். ரகசிய எண் வரவேண்டிய போன் என்பதால் மூன்று தடவையும் துண்டித்தேன். மூன்றாவது தடவை, அம்மா பயந்துவிடக் கூடாதே என்று, போனிலேயே தயாராக இருக்கும் ஓர் ஆங்கில வாசகத்தை அனுப்பி வைத்தேன். இப்போது பேச முடியாது, பிறகு அழைக்கிறேன் என்று பொருள். அங்கேதான் நான் தவறிவிட்டேன். நாற்பது வருஷத்தில் சார் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதியதில்லையாம். என்ன வேலையானாலும் எடுத்து, 'என்னம்மா' என்று ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் வைப்பாராம். இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. ஒரு மனுஷனின் கணக்கு வழக்கு முழுவதும் தெரிந்திருந்தால் மனுஷனைத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு மேல் திரை சுற்ற ஆரம்பித்தது. சில சமயம் ஒரு ரிப்போர்ட் ஏறவே கால்மணி நேரம் ஆயிற்று. ஐந்து அடித்தபோது இன்னும் பதினொன்று மிச்சம். நான் திட்டமிட்டபடி எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். எழுந்திருக்கவில்லை. நாலரை மணி நேரம் என்று போட்டிருப்பது பொதுவாகச் சொல்வது, ஆளுக்கு ஆள் மாறும் என்று சமாதானம் செய்துகொண்டேன். சார் நல்ல உடம்புக்காரர், தினமும் காலையில் கதிரேசன் மலைக்கு நடந்தே போகிறவர். ஆறு மணிக்கு ஐந்து மிச்சம். அதற்குள் சட்டையைப் பிடிக்கும் தொந்தரவு நின்று வெகுநேரமாகியிருந்தது. சார் மூச்சு மட்டும் சத்தமாக வந்தது. கை கொஞ்சம் குளிர்ந்துவிட்டதால் கட்டைவிரலை இரண்டு மூன்று தடவை என் உள்ளங்கையில் தேய்த்து வைக்க வேண்டியிருந்தது.

கடைசி ரிப்போர்ட் ஏறியதும் கழுத்துக் கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, 'ஏட்டி ஜெயஷீலா, ஓடியா! சாருக்கு என்னமோ ஆயிட்டு' என்று சத்தம் போட்டேன். அப்போது விளக்குப் போடும் நேரம். அவள் அழுதுகொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். தூக்கத்தில் வந்திருக்க வேண்டும், எழுப்பும்போதுதான் தெரிந்தது என்றேன். நேரம் தெரியாவிட்டால் அந்த ஊசி போட முடியாது என்றார். தெரிந்திருந்தாலும் நேரம் கடந்துவிட்டது, ஆகையால் என் பதிலால் எந்த மாற்றமும் இல்லை. இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்து எழுந்து நடந்திருப்பார் என்ற டாக்டர், என் முதுகைத் தட்டி, 'உங்க தப்பு இல்ல, வருத்தப்படாதீங்க' என்றார். நான் வருத்தப்படவில்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று சும்மா இருந்தேன். சார் மூன்றாம் நாள் காலையில் தவறினார்.

இழவு வீட்டில் பார்ட்டிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வேல்சாமி அண்ணாச்சிதான் பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஏற்பாடு. என்னைக் கட்டிப்பிடித்து, 'கடைசி வரைக்கும் எங்க வேலைய முடிச்சிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு மகராசன். எங் கணக்கையும் ஒத்துக்கிட்டாருல்லா, கடேசில' என்று அழுதார். உமாதேவி அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். 'நீ ஒருத்தனாவது அவிய கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தியேப்பா' என்றார்கள். எனக்கும் அழுகை வந்தது. உண்மையான அழுகைதான். பத்து நாள் கழித்து அவர்கள் போனில் அந்த ஆங்கில வாசகத்தைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார்கள். அது வந்த நேரத்தையும், ஆம்புலன்ஸ் வந்த நேரத்தையும் வைத்து யோசித்திருக்கிறார்கள். மறுநாள் உங்களிடம் வந்தார்கள். படிப்பு அதிகம் இல்லாதவர்கள், ஆனாலும் நல்ல கணக்கு. சார் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அன்று சாயங்காலம் அரசாங்கம் கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்தது, அது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். ஆபீசில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அதைக் கேள்விப்பட்டார்கள். ஜெயஷீலா தலையில் அடித்துக்கொண்டாள். 'அண்ணாச்சி இது தெரியாமல்லா இப்படிப் பாடுபட்டாவ' என்றாள். நீங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள், நான் அறியாமல் செய்ததாக. உங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் தப்பாக இருப்பதை அப்படியே விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

செய்தி சாருடைய போனுக்குத்தான் வந்தது, ஆடிட்டர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து. அப்போது ஐந்து ஆகவில்லை. பதினாலு ஃபைல் மிச்சம் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் ஊசிக்கு நேரமும் இருந்தது. ரகசிய எண்ணோ என்று நினைத்து அவர் விரலை வைத்துத் திறந்தேன். உத்தரவு முழுவதும் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

'சார், ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கான்' என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

அவருக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் திரண்டு காதுப் பக்கமாக இறங்கியது. அவ்வளவு நேரமும் என் சட்டையை விடாமல் பிடித்திருந்த இடது கை, ஒவ்வொரு விரலாகப் பிடியை விட்டது. இனிமேல் நான் எழுந்து போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன் என்று நம்பியிருப்பார். அவர் சந்தேகப்பட்டதெல்லாம் கணக்குகளைத்தான், என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நான் அதை, சரிடே, மிச்சத்தையும் முடி என்று அவர் கொடுத்த சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். சட்டை விடுபட்டதால் லேப்டாப்பை மறுபடியும் மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. வைத்துக்கொண்டு, அடுத்த ஃபைலைத் திறந்தேன்.